நல்ல சரக்கும் பொய் முத்திரையும்



ஈரோட்டு மஞ்சளுக்குச் சந்தையில் ஒரு தனி மதிப்புண்டு என்பதை நம்மில் மசாலாச் சரக்கு விற்போர் நன்கறிவர். வேறோர் ஊரில் விளைந்த மஞ்சள், நிறத்திலும் மணத்திலும் அதற்கு இம்மியும் குறையாததாக இருக்க, அம்மூட்டையின் மேல் ‘ஈரோடு’ என்று எழுதி விற்றால் அஃது என்ன செயல்? சரக்கில் கலப்படமில்லை. எடையில் குறைவில்லை. விலையும் நியாயமே. வாங்கியவன் வீட்டுக் குழம்பு மஞ்சளாகத்தான் இருக்கும். பொய் என்பது ஊர்ப்பெயரில் மட்டும். இதைக் குற்றமென்று சொல்லத்தான் வேண்டுமா என்று ஒருநாள் தேநீர் வேளையில் நண்பர்களுக்குள் பேச்செழுந்தபோது, பலர் சிரித்துவிட்டு நகர்ந்தனர். சிரித்தவர்களில் நானும் ஒருவன். அந்தச் சிரிப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவே இதனை எழுதுகிறேன்.

2021-ஆம் ஆண்டின் நடுப்பகுதியைக் கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழ்ந்தவர் எவரும் எளிதில் மறவார். கொரோனா நோயால் கடைத்தெரு பாதி அடைந்து கிடந்தது. ஜனாஸாத் தொழுகைக்குக் கூட நாலைந்து பேருக்கு மேல் கூட முடியாத நாட்கள். கிள்ளானிலுள்ள என் கடையில் இராமநாதபுரம் பக்கத்துப் பையன் ஒருவன் வேலை செய்கிறான். நல்ல பையன். ஐவேளைத் தொழுகை தவறாதவன். தடுப்பூசிக்குப் பெயர் கொடுக்கச் சொன்னபோது மட்டும் பிடிவாதமாக மறுத்துவிட்டான். “இது ஹலால்தானா முதலாளி? ஊரிலிருந்து போனில் வருகிற சேதியெல்லாம் வேறு மாதிரி இருக்கிறதே” என்றான்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “தம்பி, அம்மை ஊசியைக் கண்டுபிடித்ததே நம் ஆள்தான். துருக்கியில் சுல்தான்கள் காலத்தில் ஒரு முஸ்லிம் ஹகீம் கண்டுபிடித்தார். வெள்ளைக்காரன் அதைப் பார்த்துத்தான் காப்பியடித்தான். நம் சொத்து நமக்கே ஹராமாகிவிடுமா?” என்றேன். பையனின் முகம் தெளிந்தது. அடுத்த வாரமே ஊசி போட்டுக்கொண்டான். ஓர் உயிரைக் காத்த நிம்மதியுடன் நானும் உறங்கினேன்.

சில மாதங்கள் கழித்து, கல்லாவில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவன் வந்து, “முதலாளி, அந்த ஹகீமின் பெயர் என்ன?” என்று கேட்டான். விடை சொல்ல என்னிடம் பெயரில்லை. எங்கோ எவரோ பேசக் கேட்டது. எப்போதோ ஒரு மலரில் படித்தது. அவ்வளவே. அன்றிரவு புத்தகங்களைத் தேடத் தொடங்கினேன். தேடப் போன இடத்தில் ஹகீம் கிடைக்கவில்லை. என்னைப் போலவே பொய் முத்திரை குத்திய இன்னொரு மனிதரைச் சந்தித்தேன். அவர் சென்னையிலே கலெக்டராயிருந்த வெள்ளைக்காரர்.

முதலில் சரக்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வைசூரி என்றும் பெரியம்மை என்றும் நம் முன்னோர் அஞ்சிய நோய், பிடித்த பத்துப் பேரில் ஏறக்குறைய மூவரைக் கொன்றது. பிழைத்தவரில் பலரை முகத்தழும்போடு விட்டது, சிலரைக் குருடாக்கியது. ஒருமுறை வந்து பிழைத்தவருக்கு அது மறுமுறை வருவதில்லை என்பதைப் பல நாட்டு மக்களும் கண்டிருந்தனர். ஆகவே இலேசாக நோய் கண்டவரின் கொப்புளத்துச் சீழை எடுத்து, நலமாயிருப்பவரின் தோலைக் கீறி அதில் வைக்கும் பழக்கம் எழுந்தது. வங்காளத்தில் டீக்காதார் எனப்படுவோர் வீடு வீடாகச் சென்று இதனைச் செய்துவந்தனர். 1767-இல் ஹால்வெல் என்ற ஆங்கிலேயர் அதனை விவரித்து இலண்டன் மருத்துவர்களுக்கு எழுதினார். சீனர் உலர்ந்த பொருக்கைப் பொடித்து மூக்கில் ஊதினர். மேற்கு ஆப்பிரிக்காவிலும் கீறி வைக்கும் வழக்கம் இருந்தது. அங்கிருந்து அடிமையாகக் கொண்டுபோகப்பட்ட ஒனேசிமஸ் என்பவர், அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் தம்மை அடிமையாக வைத்திருந்த பாதிரியாருக்கு இதனைச் சொல்ல, 1721-இல் அந்நகரில் நோய் பரவியபோது அந்த யோசனை பல உயிர்களைக் காத்தது. அடிமையின் அறிவினால் எஜமானர்கள் பிழைத்த அந்தக் கதை தனிக் கட்டுரைக்குரியது.

துருக்கிக்கு வருவோம், என் ஹகீம் அங்கேதானே இருக்க வேண்டும்? 1717-இல் கான்ஸ்டாண்டிநோபிளுக்கு வந்த ஆங்கிலத் தூதரின் மனைவி மேரி மாண்டேகு, அங்குள்ள கிழவிகள் அம்மைச் சீழைக் குத்தி வைப்பதைக் கண்டு தாய்நாட்டுக்குக் கடிதம் எழுதினாள். வைசூரியால் தம்பியை இழந்தவள் அவள். தன் முகமும் அதனால் தழும்பேறியவள். 1718-இல் தன் மகனுக்கு அதனைச் செய்வித்தாள். செய்தது யார்? ஒரு கிரேக்கக் கிழவி. உடனிருந்தவர் தூதரகத்து வைத்தியர். இந்தப் பழக்கம் சர்க்காசியர், ஜார்ஜியர் போன்ற மக்களிடமிருந்து அந்நகரை அடைந்ததாக அக்காலத்து வைத்தியர் ஒருவர் எழுதியிருக்கிறார். ஆக, முஸ்லிம் தேசத்தில் நடந்தது என்பது உண்மை. முஸ்லிம்கள் பலர் செய்துகொண்டார்கள் என்பதும் உண்மை. ‘முஸ்லிம் ஹகீம் கண்டுபிடித்தார்’ என்பது நான் மூட்டையின் மேல் எழுதிய ஈரோடு.

‘அர்-ராஸி இல்லையா?’ என்று சிலர் கேட்பீர்கள். ரய் நகரத்து அபூபக்ர் அர்-ராஸி, பதினோரு நூற்றாண்டுகளுக்கு முன்னே வைசூரியையும் மணல்வாரியையும் தனித்தனியே பிரித்தறிந்து நூல் எழுதிய மாமேதை. அந்நூலை ஐரோப்பியர் பல நூற்றாண்டுகள் தம் மொழிகளில் பெயர்த்துப் படித்தனர். இந்தப் பெருமை அவருக்குப் போதாதா? அவர் செய்யாத ஊசியையும் அவர் கையில் திணிக்க வேண்டுமா?

சீழ் வைக்கும் இம்முறையில் ஓர் ஆபத்து இருந்தது. வைப்பது மெய்யான வைசூரியே ஆதலால், நூற்றில் ஒருவர் இருவர் அதனாலேயே மாண்டனர். அவரிடமிருந்து நோய் பிறருக்கும் தொற்றியது. இங்கிலாந்தின் நாட்டுப்புறத்திலோ, பால் கறக்கும் பெண்களுக்குப் பசுவின் மடியிலுள்ள கொப்புளம் கையில் தொற்றினால் பின்னர் வைசூரி வருவதில்லை என்ற பேச்சிருந்தது. 1774-இல் பெஞ்சமின் ஜெஸ்டி என்ற விவசாயி, படித்தவரல்லர், அந்தப் பேச்சை நம்பித் தம் மனைவிக்கும் இரு மைந்தருக்கும் பசுவம்மைப் பாலைக் கீறி வைத்தார். அக்கம்பக்கத்தார் ஏசினர். 1796-ஆம் ஆண்டு மே 14-ஆம் நாள் எட்வர்ட் ஜென்னர் என்ற வைத்தியர், ஸாரா நெல்ம்ஸ் என்ற பால்காரப் பெண்ணின் கையிலிருந்த கொப்புளத்து நீரை எடுத்து, தம் தோட்டக்காரரின் எட்டு வயது மகன் ஜேம்ஸ் ஃபிப்ஸின் கையில் வைத்தார். பிறகு மெய்யான வைசூரியையே அவனுக்கு வைத்துப் பார்த்தார். நோய் வரவில்லை. தோட்டக்காரர் மகனாதலால் கேட்பாரில்லை போலும் என்று என் மனம் முணுமுணுக்கிறது. ஜெஸ்டி தம் சொந்தப் பிள்ளைகளுக்கு வைத்தார் என்பதையும் உடன் நினைக்கிறேன். எனினும் முறையாகச் சோதித்து, எழுதி, உலகுக்கு அளித்தவர் ஜென்னரே. லத்தீனில் பசுவுக்கு ‘வாக்கா’ என்று பெயர். ‘வாக்சின்’ என்ற சொல் அதிலிருந்து பிறந்தது.

இச்சரக்கு நம் பக்கம் வந்த வழியைக் கேளுங்கள். குளிர்ப்பெட்டி இல்லாத காலம். வியன்னாவிலிருந்து கான்ஸ்டாண்டிநோபிள், பாக்தாத், பஸரா வழியாகக் கப்பலேறி, 1802 ஜூன் 14 அன்று பம்பாயில் ஆனா டஸ்டால் என்ற மூன்று வயதுச் சிறுமியின் கையில் அது முளைத்தது. அவள் கையிலிருந்து இன்னும் சில குழந்தைகளுக்கு. அவர்களிடமிருந்து வேறு சிலருக்கு. ஒரு வாரத்துக்கு ஒருமுறை புதுக் கை கிடைக்காவிட்டால் பால் வற்றிப்போகும். இவ்வாறு கையிலிருந்து கைக்கு மாறி அது விரைவில் சென்னையையும் இலங்கையையும் அடைந்தது.

சரக்கு வந்தது, வாங்குவோர் இல்லை. மக்கள் அஞ்சியதில் வியப்பென்ன? ஆண்டுகொண்டிருந்தவன் அந்நியன். பிள்ளையின் கையைக் கீறுகிறான். சாதி தெரியாத இன்னொரு பிள்ளையின் உடம்பு நீரை அதில் வைக்கிறான். அம்மையைத் தெய்வமாக வணங்கிய ஊர்களில் இது அபசாரமாகவும் தோன்றியது.

இங்கேதான் எல்லிஸ் துரை வருகிறார். பிரான்சிஸ் வைட் எல்லிஸ். தமிழ் படித்தோர் இப்பெயரை மறந்திரார். 1810 முதல் சென்னையின் கலெக்டர். திருக்குறளின் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் பெயர்த்து விளக்கம் எழுதியவர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரு குடும்பத்து மொழிகள் என்று கால்டுவெல்லுக்கு நாற்பதாண்டு முன்னரே, 1816-இல், எடுத்துச் சொன்னவர். 1818-இல் சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது கிணறுகள் வெட்டுவித்தவர். சுருங்கச் சொன்னால், மக்கள்பால் அன்புள்ள மனிதர்.

அம்மைப்பாலை மக்கள் ஏற்கவில்லை என்று கண்ட எல்லிஸ், சமஸ்கிருதத்தில் அதனைப் போற்றிச் செய்யுள் இயற்றினார். அது பழைய தாளில் எழுதப்பட்டு, எங்கோ கண்டெடுத்த பண்டைச் சுவடி என்று வழங்கப்பட்டதாக அக்காலத்தவர் எழுதி வைத்திருக்கின்றனர். தம் புனிதப் பசுவே இந்த மருந்தைத் தந்தது என்று நம்பினால் பிராமணர்கள் ஏற்பார்கள், அவர்கள் ஏற்றால் மற்றவரும் ஏற்பார்கள் என்பது கணக்கு. தமிழிலும், சக்தி தேவி பசுவம்மையின் மகிமையைத் தன்வந்திரிக்கு எடுத்துரைப்பது போன்ற ஓர் உரையாடலை அவர் எழுதினார்.

நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள்: இது குற்றமா? அவருக்கு இதில் ஒரு காசு இலாபமில்லை. சரக்கு நல்ல சரக்கு. அவர் போற்றிய குறளிலேயே, குற்றம் சிறிதுமில்லாத நன்மையைத் தருமாயின் பொய்யும் மெய்யின் வரிசையில் வைக்கத்தக்கது என்ற கருத்து வாய்மை அதிகாரத்திலே இருக்கிறது. ஒரு குழந்தை பிழைத்துவிட்டால், அதன் தாயிடம் போய், ‘உன் பிள்ளையைக் காத்தது பொய்’ என்று எவன் வழக்காடுவான்?

நம் மார்க்கத்திலும் இக்கேள்வி புதிதன்று. மர்வ் நகரத்து நூஹ் இப்னு அபீ மர்யம் என்பவர் கற்றவர், காழியாகவும் இருந்தவர். குர்ஆனின் ஒவ்வொரு சூராவுக்கும் இன்ன நன்மை உண்டென்று நபிமொழிகளை அவர் அறிவித்தார். எங்கிருந்து பெற்றீர் என்று துருவியபோது உண்மை வெளிவந்தது: மக்கள் குர்ஆனை விட்டுச் சட்டக் கலையிலும் போர்க் கதைகளிலும் மூழ்கிவிட்டார்கள், அவர்களைத் திருப்புவதற்காக நன்மையை நாடி நானே புனைந்தேன் என்றார். குர்ஆனை ஓதச் சொன்னதிலே தவறுண்டா? இல்லை. ஆயினும் ஹதீஸ் கலை வல்லார் அவரை மன்னிக்கவில்லை. பல கலைகளையும் சேர்த்து வைத்திருந்ததால் ‘ஜாமிஉ’ என்று அவருக்குப் பட்டப்பெயர். உண்மை ஒன்றைத் தவிர மற்றெல்லாவற்றையும் சேர்த்தவர் என்று அவர்கள் கசந்து சொன்னார்கள்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவிலே இதற்கொரு தராசு வைத்திருக்கிறார்கள். பேச்சு என்பது ஒரு காரியத்தை அடையும் வழி. நல்ல காரியத்தை மெய்யாலும் அடையலாம், பொய்யாலும் அடையலாம் என்றிருந்தால் பொய் ஹராம். பொய்யால் மட்டுமே அடைய முடியும் என்றால், காரியத்தின் தகுதிக்கேற்பப் பொய்க்கும் இடமுண்டு. கொல்ல வருகிறவனிடமிருந்து நிரபராதியை ஒளித்துவைத்தவன் ‘இங்கே இல்லை’ என்று சொல்லியே ஆகவேண்டும். ஆனால் அதே இமாம், நன்மையைத் தூண்டுவதற்காக ஹதீஸைப் புனையலாம் என்போரை மறுக்கிறார்கள். மெய்யே போதுமான அளவு இருக்கும்போது பொய்க்கு என்ன தேவை என்கிறார்கள்.

இந்தத் தராசில் எல்லிஸை நிறுத்திப் பார்த்தேன். பக்கத்து வீட்டில் வைசூரி. எதிரில் ஒரு தாய், இடுப்பில் பிள்ளை. வேறெந்தச் சொல்லுக்கும் அவள் அசையவில்லை. அந்த நொடியில் ஒரு பொய் சொல்லி அவளை அசைத்தால், அதனைக் கண்டிக்க எனக்கு நாவெழாது. ஆனால் எல்லிஸ் செய்தது அதுவன்று. அவர் நிதானமாக உட்கார்ந்து, யாப்பு அமைத்துப் பொய்யை எழுதினார்; அதற்குப் பழந்தாளின் வேடமும் போடப்பட்டது. நம் பாஷையில் சொன்னால், வாய்ப்பொய் வேறு, பேரேட்டுப் பொய் வேறு. வாய்ப்பொய் அன்றைய ஆபத்தோடு கரைந்துபோகலாம். பேரேட்டில் ஏறிய பொய் அடுத்த ஆண்டுக்குக் கொண்டுவரப்படும். பிறகு அதற்கடுத்த ஆண்டுக்கும்.

அப்படியேதான் ஆயிற்று. 1819 ஜனவரி 12-ஆம் நாள் ‘மெட்ராஸ் கூரியர்’ பத்திரிகையில் ‘கல்வி விரும்பன்’ என்ற புனைபெயரில் ஒரு கடிதம் வெளிவந்தது. தன்வந்திரியின் பெயரால் வழங்கும் பழைய நூலில், பசுவின் மடிக் கொப்புளத்து நீரைக் கூரிய கத்தியால் கையில் ஏற்றும் முறை சொல்லப்பட்டிருக்கிறது என்றது அக்கடிதம். அது கடல் கடந்து ஐரோப்பிய மருத்துவ நூல்களில் ஏறியது. ஜென்னருக்கு முன்பே இந்துக்கள் அம்மைப்பாலை அறிந்திருந்தனர் என்று ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதினர். சென்னையில் ஒரு நோக்கத்துக்காகப் பிறந்த சங்கதி, நோக்கம் செத்த பிறகும் தான் சாகாமல் இருநூறு ஆண்டுகளாக உலவுகிறது. இன்றும் பெருமிதத்தோடு அதனைப் பேசுவோர் இருக்கின்றனர். வங்காளத்து டீக்காதார்களின் மெய்யான பெருமையோ அந்தப் பொய்ப் பெருமையின் நிழலில் மறைந்துகிடக்கிறது. குறள் கேட்பது குற்றமற்ற நன்மையை. இதனைக் குற்றமற்றது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

எல்லிஸ் துரை அந்தக் கடிதம் வெளியான இரண்டு மாதத்தில், 1819 மார்ச்சில், நம்மில் பலருக்குச் சொந்தச் சீமையான இராமநாதபுரத்தில் காலமானார். தவறுதலாக விஷத்தை உட்கொண்டதால் நேர்ந்த மரணம் அது. நான் அதில் எந்த நீதியையும் தேடவில்லை. நல்ல மனிதர், நாற்பத்திரண்டு வயதுக்குள் போய்விட்டார்.

நிற்க. பிழை வேறு, பொய் வேறு என்பதையும் ஈண்டுக் குறிக்க வேண்டும். பசுவின் பெயரால் உலகமெங்கும் போடப்பட்ட அந்த மருந்திலிருந்த கிருமி பசுவம்மைக் கிருமியே அன்று என்று 1939-இல் தெரியவந்தது. 1902-இல் தயாரித்த ஒரு பழைய மருந்தை 2017-இல் ஆராய்ந்தபோது, அது குதிரையம்மைக்கு நெருங்கியது என்று கண்டனர். ஆக, நேர்மையாளர் எழுதிய முத்திரையும் தவறாகிவிடலாம். அவர்கள் என்ன செய்தார்கள்? கண்டவுடன் திருத்தி எழுதினார்கள். தெரியாமல் விற்ற சரக்கில் பழுது கண்டால் வாங்கியவனைக் கூப்பிட்டுச் சொல்லும் வியாபாரியைப் போல. பொய் எழுதியவனுக்கோ, கண்டுபிடிக்கப்படாமலிருப்பதே இலாபம்.

இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. எல்லிஸ் பொய்யைத் தேர்ந்தெடுத்தபோது, இம்மக்களுக்கு மெய்யைச் சொன்னால் விளங்காது என்றும் தீர்மானித்துவிட்டார். அந்தத் தீர்மானத்தில் ஓர் அவமதிப்பு இருக்கிறது. மேரி மாண்டேகு 1721-இல் இலண்டனில் நோய் பரவியபோது, வைத்தியர்கள் பார்த்துக்கொண்டிருக்கத் தன் சொந்த மகளுக்கே குத்துவித்தாள். ஜெஸ்டி தம் மைந்தருள் ஒருவரை 1805-இல் சோதனைக்கு உட்படுத்திக் காட்டினார். தான் தின்று காட்டிப் பிறகு விற்கும் வியாபாரம் அது. எளிதன்று; நேரம் பிடிக்கும்.

நம் பாட்டன்மார் நாகப்பட்டினத்தில் ‘ரஜுலா’ கப்பல் ஏறி, பினாங்கிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் இறங்கியவர்கள். அவர்கள் புஜத்தில் காசளவு அம்மைத் தழும்பு இருந்ததைக் கண்டிருக்கிறோம். அச்சான்றில்லாமல் ஹஜ்ஜுக்கும் போக முடியாத காலம் அது. அந்தத் தழும்புகளால்தான் நோய் ஒழிந்தது. வங்காளதேசத்துப் போலாத் தீவில் ரஹீமா பானு என்ற மூன்று வயதுக் குழந்தைக்கு 1975-இல் வந்ததே கொடிய வகைப் பெரியம்மையின் கடைசி இயற்கைத் தொற்று. இலேசான வகையின் கடைசி நோயாளி, சோமாலியாவின் மெர்கா நகரில் 1977 அக்டோபரில் நோயுற்ற அலி மாவ் மாலின். மருத்துவமனையிலே வேலை பார்த்தவர். ஊசி வலிக்கும் என்று அஞ்சித் தப்பித்திருந்தவர். அவர் பிழைத்தார். 1980 மே 8 அன்று உலக சுகாதார மன்றம் அந்நோய் பூமியிலிருந்தே ஒழிந்ததாக அறிவித்தது. பிற்காலத்தில் அதே அலி, இளம்பிள்ளை வாத மருந்தை மறுத்த தாய்மாரிடம் ஊர் ஊராகச் சென்று பேசினார். என்ன பேசினார்? தாம் அஞ்சியதையும், அதனால் கெட்டதையும், உள்ளபடியே சொன்னார். 2013-இல் அந்தப் பணியிலிருந்தபோதே மலேரியாவால் மறைந்தார்.

இனி என் கணக்கைத் தீர்க்கிறேன். எல்லிஸுக்காவது, மெய் விலைபோகவில்லை என்ற ஒரு சாக்கு இருந்தது. எனக்கு? பையன் கேட்டது ஹலாலா என்று. 2020 டிசம்பரிலேயே இந்நாட்டின் தேசிய ஃபத்வாக் குழு கூடி ஆராய்ந்து, அத்தடுப்பூசி ஆகுமானது என்றும், அரசு குறிப்பிட்டவர்கள் போட்டுக்கொள்வது கடமை என்றும் முடிவு சொல்லியிருந்தது. விதியை நம்புகிறவன் நோய்க்கு அஞ்சி விலகலாமா என்று கேட்டிருந்தால், கொள்ளைநோய் பரவிய சிரியாவுக்குள் நுழையாமல் திரும்பிய கலீஃபா உமர் (ரலி) அவர்கள், அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்கே செல்கிறோம் என்ற கருத்தில் அளித்த விடை இருந்தது. மெய்ச்சரக்கு என் அலமாரியிலேயே இருந்தது. எடுத்துப் பிரித்துக் காட்டக் கால்மணி நேரமாகியிருக்கும். அன்று கடையில் சாமான் இறக்கும் லாரி நின்றுகொண்டிருந்தது. கால்மணி நேரத்தை மிச்சம் பிடிக்கவே நான் பொய் சொன்னேன். கஸ்ஸாலி இமாமின் தராசில் இதனை வைக்கவும் கூச்சமாயிருக்கிறது.

கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு அடியிலிருந்த ஈரத்தைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அந்த வியாபாரியிடம், மக்கள் பார்க்கும்படி ஈரத்தை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட சம்பவம் நாம் எல்லோரும் அறிந்தது. அந்த வியாபாரியைத் தானியத்தில் தண்ணீர் ஊற்றியவன் என்றே இத்தனை காலம் நான் நினைத்து வந்தேன். மழை பெய்து நனைந்தது என்றுதான் அவன் சொன்னான், அது மறுக்கப்படவில்லை. அவன் மீதிருந்த குற்றம், உலர்ந்ததை மேலே பரப்பி வைத்தது.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்ததும் பையனைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். “தம்பி, அந்த ஹகீம் யாரும் இல்லை. நான் சொன்னது உண்மையில்லை” என்று தொடங்கி, கிரேக்கக் கிழவி, அடிமை ஒனேசிமஸ், பால்காரப் பெண், பம்பாய்ச் சிறுமி எல்லோரையும் சொன்னேன். ஃபத்வாவையும் படித்துக் காட்டினேன். பையன் கோபிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு சற்று நேரம் இருந்தான்.

“எனக்குப் பரவாயில்லை முதலாளி. போட்டது போட்டதுதானே. ஆனால் நீங்கள் சொன்னதை அன்றைக்கே உம்மாவிடம் போனில் சொன்னேன். உம்மா போட்டுக்கொண்டு, எங்கள் தெருவில் போடாமலிருந்த பெண்களையெல்லாம் அதைச் சொல்லியே அழைத்துக்கொண்டு போனார்கள். மதரஸாப் பிள்ளைகளுக்குக்கூட அந்த ஹகீம் கதை தெரியும். இப்போது உம்மாவிடம் நான் என்ன சொல்ல?”

அந்த வாரமே அவனுடைய உம்மாவுக்கு நானே போன் செய்தேன். அவர்களிடம் சொல்லி முடிக்க முக்கால்மணி நேரமாயிற்று. தெருவிலுள்ள மற்றவர்களிடம் தாம் சொல்லிவிடுவதாக அந்த அம்மாள் சொன்னார்கள்.